பழக்கப்படாத குதிரைக்கு எத்தனை மைல்?



நம்மிடம் மஷூரா நாடி வருவோர் பெரும்பாலும் திருமணம், கடன், பாகப்பிரிவினை, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைக் குறித்தே வருவர். அண்மையில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் வந்தவரின் கேள்வி இவற்றில் எதிலும் சேராதது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் குர்ஆன் ஓதிய மாணவர் அவர். இன்று சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார். மனைவி, இரு குழந்தைகள் அங்கே; அத்தாவும் அம்மாவும் இங்கே மரக்காணத்தில்.

"ஹஜ்ரத், இன்னும் பத்து நாளில் போட்டி. உடம்பு ரொம்பக் களைப்பாக இருக்கிறது. பயிற்சியும் பாதியில் நின்றுவிட்டது. போகலாமா, வேண்டாமா?" என்றார்.

கோவாவில் 2019 முதல் நடைபெற்றுவரும் அயர்ன்மேன் 70.3 என்னும் டிரையத்லான் போட்டிக்கு அவர் பணம் கட்டியிருந்தார். கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல்; கரையேறிய கையோடு 90 கிலோமீட்டர் மிதிவண்டி; அதிலிருந்து இறங்கியவுடன் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் எட்டரை மணி நேரத்திற்குள் முடித்தாக வேண்டும். பெயரிலுள்ள 70.3 என்பது மொத்தத் தொலைவை மைல் கணக்கில் சொல்வது. கிலோமீட்டரில் 113.

இவ்வளவு துன்பத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். விடியுமுன்பே உப்பளத்தில் இறங்கி, வெயில் ஏறும்வரை குனிந்த முதுகு நிமிராமல் உப்பு வாரும் மக்களின் ஊரில் அக்கேள்வி எழுவது இயல்பே. ஆயினும் அதனை நாம் ஏற்கவில்லை. வலிமையுள்ள முஃமின் வலிமையற்ற முஃமினைவிடச் சிறந்தவர், இருவரிடத்தும் நன்மை உண்டு என்னும் கருத்துடைய நபிமொழியை ஸஹீஹ் முஸ்லிமில் படிப்பவர்கள் நாம். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தியை அபூதாவூதில் படிப்பவர்களும் நாமே. நாற்பது வயதில் சர்க்கரை, ஐம்பதில் இதய அடைப்பு என்று நம் வீடுகளில் நோய் பெருகியிருக்கும் காலத்தில், ஓர் இளைஞர் ஓடுவதையும் நீந்துவதையும் குறை சொல்ல நமக்கு நாக்கு எழாது. கேள்வி, போட்டி நல்லதா தீயதா என்பதன்று. இந்த மனிதர், இந்த உடலோடு, இந்தப் போட்டியில் இறங்கலாமா என்பதே.

அவருடைய நிலையைச் சொல்கிறோம். ரமளான் முடிந்த பின் நான்கு மாதங்கள் பயிற்சி ஒழுங்காக நடந்திருக்கிறது. சில சனிக்கிழமைகளில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மிதிவண்டியிலேயே மரக்காணம் வந்து, பெற்றோருடன் இரவு தங்கி, மறுநாள் திரும்புவார். பிறகு அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. ஆறு வாரங்கள் பகலில் அலுவலகம், இரவில் மருத்துவமனை நாற்காலி. ஓட்டம் நின்றது, நீச்சல் அதற்கும் முன்பே நின்றது. கடலில் அவர் ஒரே மூச்சாக நீந்திய மிக நீண்ட தொலைவு, கோவளத்தில் ஒரு காலை நீந்திய 800 மீட்டர். காலையில் எழும்போதே கால்கள் கனப்பதாகச் சொன்னார். நாம் என்ன விடை சொல்வோம் என்பது அவருக்கு ஓரளவு தெரிந்திருந்தது என்றே எண்ணுகிறோம். அதை வேறொருவர் வாயால் கேட்கவே வந்திருந்தார்.

ஆனால் விடை சொல்வதற்கு முன் நமக்கே ஒரு தடுமாற்றம் இருந்தது. மஹல்லா இளைஞர்கள் அதற்குள் தெருமுனையில் பதாகை கட்டிவிட்டார்கள். "நம் சமுதாயத்தின் பெருமை" என்று பெரிய எழுத்து. கறுப்புக் கண்ணாடியும் தலைக்கவசமுமாக இவருடைய படம். மதரஸா ஆண்டு விழாவில் ஒலிபெருக்கியைப் பிடித்து, நம் மாணவர் ஒருவர் இரும்பு மனிதர் ஆகப் போகிறார் என்று அறிவித்தவரும் வேறு யாருமல்லர், நாமே. அவர் தோளில் ஏறியிருந்த சுமையில் ஒரு பங்கு நாம் ஏற்றியது.

இருவரும் உப்பளத்துப் பக்கம் நடந்தோம். பருவத்தின் கடைசி உப்பைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். முதல் மழை விழுந்துவிட்டதால் பாத்திகளில் செந்நிறமாய்க் கலங்கல் நீர் நின்றது. அவருடைய அத்தா பல ஆண்டுகள் உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஆகவே நாம் அவருக்குத் தெரிந்ததையே கேட்டோம். உப்பு எப்போது உறையும்? உடனே சொன்னார்: கடல்நீர் சுமார் 3 பாகை கனம் இருக்கும், பாத்தி மாற்றிப் பாத்தி மாற்றி வெயிலில் காய்ந்து ஏறத்தாழ 25 பாகை வந்தால்தான் உறையத் தொடங்கும். லாரி வந்து நிற்கிறதே என்பதற்காகப் பத்துப் பாகை நீரைக் கடைசிப் பாத்தியில் திறந்துவிட்டால்? சிரித்தார். "உப்பும் வராது, பாத்தியும் கெடும்" என்றார்.

இந்த இடத்தில்தான் நமக்குக் குதிரைகளின் ஹதீஸ் நினைவுக்கு வந்தது.

இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியபோது எல்லாக் குதிரைகளையும் ஒரே கோட்டில் நிறுத்தவில்லை. பந்தயத்திற்கென்று பக்குவப்படுத்தப்பட்ட குதிரைகளை ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடவிட்டார்கள். அறிவிப்பாளர் ஸுஃப்யான் அவர்களின் கணக்கில் அது ஐந்து அல்லது ஆறு மைல். பக்குவப்படுத்தப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை; அது ஒரு மைல்.

பக்குவப்படுத்துதல் என்பது என்ன என்பதையும் உரையாசிரியர்கள் விளக்கியுள்ளார்கள். முதலில் குதிரைக்கு நன்றாகத் தீனி கொடுத்துக் கொழுக்க வைப்பார்கள். பின்னர் தீனியை அளவாகக் குறைத்து, மூடிய கொட்டிலில் போர்வை போர்த்தி வியர்க்க வைப்பார்கள். வியர்வை காய்ந்து, கொழுப்புக் கரைந்து, சதை இறுகி, மூச்சு நீளும். இது நாள்பிடிக்கும் வேலை. இன்றைய பயிற்சியாளர் வேறு சொற்களால் சொல்வதும் இதையேதான்.

மதரஸாவில் இந்த ஹதீஸைப் பந்தயம் ஆகுமானது என்பதற்கு ஆதாரமாகவே நாம் நடத்தி வந்தோம். பனூ ஸுரைக் பள்ளிவாசல் என்று ஒருவருடைய பெயரால் பள்ளிவாசலை அழைக்கலாம் என்பதற்கும் இமாம் புகாரி இதனை எடுத்தாள்கிறார்கள். அன்று உப்பளத்து வரப்பில் நிற்கும்போதுதான் அதன் இன்னொரு முகம் நம் கண்ணில் பட்டது. பழக்கப்படாத குதிரையைப் பார்த்து "நீ வராதே" என்று சொல்லப்படவில்லை. "வந்துவிட்டாய், ஆறு மைலையும் ஓடித்தான் ஆகவேண்டும்" என்றும் சொல்லப்படவில்லை. அதற்குரிய தொலைவு வேறாக அளந்து கொடுக்கப்பட்டது. அறிவிப்பாளரான இப்னு உமர் (ரலி) அவர்களும் அன்று பந்தயத்தில் இருந்தார்கள். அவர்களுடைய குதிரை அந்தப் பள்ளிவாசலைத் தாண்டிப் பாய்ந்தது என்று முஸ்லிமில் வருகிறது. அப்படியானால் அவர்கள் ஓடியது ஒரு மைல் ஓட்டமே. அதைச் சொல்வதில் அவர்களுக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை.

ஆகவே நம் மாணவரிடம் முதலில் இரண்டைப் பிரித்துப் பார்க்கச் சொன்னோம். களைப்பு வேறு, பக்குவமின்மை வேறு. களைப்பு ஓய்வெடுத்தால் தீரும். ஒருவர் ஆறு மாதம் முறையாகப் பயின்று, கடைசி வாரத்தில் உடல் கனத்தால் அஞ்ச வேண்டியதில்லை. நன்றாக உறங்கினால் பத்து நாளில் அது இறங்கிவிடும். பக்குவமின்மை அப்படியன்று. பத்து நாளில் அதனைப் பெற இயலாது. பெரும்போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் பயிற்சியைக் குறைப்பதே முறை. விட்டதைப் பிடிக்கிறேன் என்று அந்நாட்களில் ஓடி மாய்பவர், பக்குவம் பெறாமல் களைப்பை மட்டும் இரட்டிப்பாக்கிக்கொள்கிறார். நம் மாணவருக்கு இரண்டும் சேர்ந்திருந்தன. அவர் களைப்பையே பெரிதாகப் பேசினார். நமக்கோ அந்த 800 மீட்டர்தான் உறுத்தியது.

ஏனெனில் இப்போட்டியின் மூன்று பகுதிகளும் ஒரே வகையானவை அல்ல. மிதிவண்டியில் மூச்சு வாங்கினால் இறங்கி ஓரமாக நிற்கலாம். ஓட்டத்தில் கால் பின்னினால் நடக்கலாம், உட்காரலாம். கடலில் உட்கார இடமில்லை. படகுகள் இருக்கும், காவலர் இருப்பர், உண்மை. ஆனால் நூற்றுக்கணக்கானோர் கைகால் அடித்துச் செல்லும் நீரில் ஒருவர் ஓசையின்றி அமிழ்வதைக் காண எத்தனை கண்கள் போதும்?

அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான் போட்டிகளை ஆராய்ந்த மருத்துவர்கள், மரணங்களும் இதயம் நின்று மீட்கப்பட்டவர்களுமாக 135 நிகழ்வுகளைத் திரட்டி 2017-இல் வெளியிட்டார்கள். அவற்றுள் 90 நீச்சலின்போது நிகழ்ந்தவை. ஓட்டத்தில் 15, மிதிவண்டியில் விபத்துகளையும் சேர்த்து 22, போட்டி முடிந்த பிறகு 8. மூன்று பகுதிகளிலும் நேரத்தால் மிகக் குறுகிய நீச்சலில்தான் மூன்றில் இரண்டு பங்கு. பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 85 பேர் ஆண்கள். சராசரி வயது சுமார் 47. நம் வயது, சகோதரர்களே! பிரேதப் பரிசோதனை செய்யப்பட்டவர்களில் கணிசமானோருக்கு முன்பே இதயக் கோளாறு இருந்திருக்கிறது. மிகைப்படுத்தாமல் சொல்வதானால், இலட்சம் பேர் கலந்துகொண்டால் இரண்டு பேருக்கும் குறைவு என்பதே அந்த ஆய்வின் கணக்கு. அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. எந்த இடத்தில் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

தண்ணீரில் இறங்கும் முன் தம் உடலைக் கணக்கிட்ட ஒரு நபித்தோழரை நாம் அறிவோம். ஹிஜ்ரி 8-இல் தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின் தளபதியாக அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் சென்றிருந்தார்கள். கடுங்குளிர் இரவில் அவர்களுக்குக் குளிப்பு கடமையாயிற்று. அந்தக் குளிரில் குளித்தால் உயிருக்கே கேடு என்று அஞ்சி, தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழுவித்தார்கள். செய்தி நபி (ஸல்) அவர்களிடம் போயிற்று. விளக்கம் கேட்கப்பட்டபோது, தம்மைத் தாமே மாய்த்துக்கொள்வதைத் தடுத்து, அல்லாஹ் நம்மீது இரக்கமுடையவன் என்று கூறும் அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனத்தை அம்ர் (ரலி) எடுத்துரைத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள், வேறொன்றும் சொல்லவில்லை. அபூதாவூதில் பதிவான செய்தி இது. அம்ர் (ரலி) தொழுகையை விடவில்லை, படையை விட்டுத் திரும்பவும் இல்லை. செய்யும் முறையை உடலின் நிலைக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. இத்தகைய பேச்சு எழுந்தாலே நம்மவர் பலர், கைகளால் தம்மை அழிவில் போட்டுக்கொள்வதைத் தடுக்கும் அல்பகரா 195ஆம் வசனத்தை ஓதிவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவர். அவ்வசனத்தை அப்படிக் கையாள்வதை அபூ அய்யூப் அல் அன்சாரி (ரலி) அவர்களே கண்டித்திருக்கிறார்கள். பாடுபடுவதை விட்டுவிட்டு, சொத்துபத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்துவிடலாம் என்று அன்சாரிகள் எண்ணியபோதே அது அருளப்பட்டது என்று விளக்கினார்கள். சோம்பலும் அழிவுதான். விடியலில் எழ மனமின்றி "உடலுக்கும் உரிமை உண்டு" என்று ஹதீஸ் பேசுபவருக்கு நம் கட்டுரை ஆதாரமாகிவிடக் கூடாது. நம் மாணவர் சோம்பேறி அல்லர். தாயின் கட்டிலருகே ஆறு வாரம் விழித்திருந்தவர். அந்த இரவுகள் வீணானவை என்றும், பயிற்சியைத் தின்றுவிட்டவை என்றும் அவர் எண்ணத் தொடங்கியிருந்தார். அதைத்தான் முதலில் திருத்தினோம்.

"பாதியில் விலகினால் என்ன சொல்வார்கள் ஹஜ்ரத்?" என்று கேட்டார். மெய்யான கேள்வி இதுவே.

இதற்கு விடையாக நம் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியதாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் ரமளானின் கடைசிப் பத்தில், இமாம் ஊருக்குச் சென்றிருந்ததால் தராவீஹ் தொழுவிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல். நோன்பு வேறு. யாரிடமும் சொல்லவில்லை. பன்னிரண்டாவது ரக்அத்தில் நின்று ஃபாத்திஹாவை முடித்தோம். அடுத்த வசனம் வரவில்லை. பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அதுவும் காதில் விழவில்லை. கண் இருண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டோம். முதல் வரிசையிலிருந்த பத்தொன்பது வயது இளைஞர் முன்வந்து நின்று மீதியை முடித்தார், நம்மைவிட அழகாக. மறுநாள் படுக்கையில் கிடந்தபடி நம்மை நாமே கேட்டுக்கொண்டோம். அந்தப் பிள்ளை அங்கேயே இருந்தார். இஷாவுக்கு முன் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நம்மை நிற்க வைத்தது இபாதத்தின் மீதான ஆர்வமா, "ஹஜ்ரத் தளர்ந்துவிட்டார்" என்ற பேச்சைப் பற்றிய அச்சமா? விடை நமக்குத் தெரியும். எழுதக் கூசுகிறது.

பள்ளிவாசலின் இரு தூண்களுக்கிடையே கயிறு கட்டியிருப்பதை ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் கயிறு அது. நின்று தொழுது தளரும்போது அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று சொல்லப்பட்டது. அதை அவிழ்த்துவிடுமாறும், உற்சாகம் உள்ளவரை தொழுது, தளர்ந்தால் உட்காருமாறும் பணித்தார்கள். தொழுகையிலேயே இப்படியென்றால் பதக்கத்திற்கான ஓட்டத்தில் எப்படி? தெருமுனைப் பதாகையும், வாட்ஸ்அப் குழுவில் வந்து குவியும் "மாஷா அல்லாஹ்"களும், திரும்பக் கிடைக்காத நுழைவுக் கட்டணமும் நம் மாணவர் பிடித்துத் தொங்கிய கயிறுகள். கட்டணம் போனது போனதுதான். நீரில் இறங்கினாலும் அது திரும்பி வரப்போவதில்லை.

விளையாட்டு உலகம் மெச்சும் காட்சி ஒன்று உண்டு. 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கோசுமெல் தீவில் நடந்த உலக டிரையத்லான் தொடரின் இறுதிப் போட்டியில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த இங்கிலாந்தின் ஜானி பிரவுன்லீ, முடிவுக்கோட்டிற்குச் சில நூறு மீட்டர் இருக்கையில் வெப்பம் தாளாமல் தள்ளாடினார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர், தம் வெற்றியை விட்டுவிட்டுத் தம்பியின் கையைத் தோளில் போட்டு இழுத்து வந்து கோட்டைக் கடக்கச் செய்தார். கோடிக்கணக்கானோர் பார்த்துக் கண்கலங்கிய காட்சி. அண்ணனின் பாசத்தை நாமும் போற்றுகிறோம். ஆனால் அதே தோற்றமுடைய இன்னொரு காட்சி நம் நூல்களில் இருக்கிறது. முதியவர் ஒருவர் தம் இரு மகன்களின் தோள்களுக்கிடையே தொங்கியபடி நடந்து வந்தார். கஅபாவுக்கு நடந்தே செல்வதாக நேர்ந்துகொண்டவர். இம்மனிதர் தம்மைத் தாமே வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பேசி, வாகனத்தில் ஏறச் சொன்னார்கள். இதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நேர்ந்துகொண்ட புண்ணியப் பயணத்திலேயே ஏறிக்கொள்ளச் சொல்லப்பட்டது. ஜானியோ ஒலிம்பிக் பதக்கம் வென்ற வீரர். ஆண்டுக்கணக்கில் பக்குவப்படுத்தப்பட்ட குதிரை. அவரையே வெப்பம் வீழ்த்தியது என்றால், கடலோரப் புழுக்கத்தில் 21 கிலோமீட்டரை எட்டு வாரம் ஓடாத கால்களோடு எதிர்கொள்வது என்ன கணக்கு?

"வீட்டில் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டோம். மனைவியிடம் இன்னும் கேட்கவில்லை என்றார். நமக்குச் சற்றே சினம் வந்தது. ஆறு வாரம் இரு குழந்தைகளையும் தனியே பார்த்துக்கொண்டு மாமியாருக்கும் கஞ்சி கொடுத்தனுப்பிய பெண்ணிடம் கேட்காமல், மரக்காணம் வரை வந்து நம்மிடம் கேட்பதா? அபுத் தர்தா (ரலி) அவர்களின் வீட்டு நிலையைக் கண்ட ஸல்மான் (ரலி) அவர்கள், இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி உரிமை உண்டு, ஒவ்வொன்றையும் உரியவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று அறிவுறுத்தினார்கள். ஸல்மான் சொன்னது உண்மை என்று நபி (ஸல்) அவர்களும் உறுதிசெய்தார்கள். போட்டிக்குச் செல்வதா என்னும் மஷூராவில் முதல் இடம் வீட்டாருக்கு. இரண்டாவது இடம் மருத்துவருக்கு. நமக்குக் கடைசி இடம்.

நம் கருத்தை மறைக்காமல் சொன்னோம். இந்த ஆண்டு அந்தக் கடலில் இறங்க வேண்டாம். 1,900 மீட்டர் நீந்த வேண்டிய இடத்தில் 800 மட்டுமே, அதுவும் இரண்டு மாதத்திற்கு முன் நீந்தியவர், களைப்பே இல்லாமல் பூரண நலத்தோடு இருந்தாலும் நம் விடை இதுவே. அதே நேரத்தில், பந்தயத்தையே தலைமுழுக வேண்டாம். மூவர் சேர்ந்து பங்கிட்டுக்கொள்ளும் தொடர் போட்டிகள் இருக்கின்றன. அவருக்கு நன்கு பழகிய மிதிவண்டிப் பகுதியை மட்டும் ஏற்கலாம். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் மிதிவண்டி, 5 கிலோமீட்டர் ஓட்டம் கொண்ட குறும்போட்டிகளும் இருக்கின்றன. ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் வரை.

ஒருவேளை அவருடைய குறை நீச்சலில் இல்லாமல் ஓட்டத்தில் மட்டும் இருந்திருந்தால் நாம் வேறு விதமாகச் சொல்லியிருப்போம். போங்கள், ஆனால் எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை இப்போதே மனைவியிடம் சொல்லிவிட்டுப் போங்கள் என்றிருப்போம். ஓடிக்கொண்டிருக்கும்போது முடிவெடுக்கும் அறிவு அப்போது நம்மிடம் இருப்பதில்லை. தலை சுற்றத் தொடங்கிய பின் மனிதன் தன் நிலையைத் தானே சரியாக அளக்க முடியாது. அந்தத் தராவீஹில் நாமும் அளக்கவில்லை.

மஹல்லாப் பெரியவர்களுக்கும் ஒரு சொல். நம் பிள்ளைகள் எதிலேனும் கலந்துகொள்கிறார்கள் என்றவுடன் "சமுதாயத்தின் பெருமை" என்று எழுதிவிடுகிறோம். தேர்வு எழுதும் பிள்ளை முதல் பந்தயம் ஓடும் பிள்ளை வரை எல்லோர் முதுகிலும் சமுதாயத்தை ஏற்றுகிறோம். ஒருவர் தம் உடலுக்காக ஓடுவது வேறு. ஓர் ஊரையே சுமந்துகொண்டு ஓடுவது வேறு. நலமில்லை என்று வாய்திறந்து சொல்லும் வழியையும் நாமே அடைத்துவிடுகிறோம். விலகுகிறேன் என்று ஒருவர் சொன்னால் "அச்சமா?" என்று கேலி பேசுவதை விட்டு, "அம்மா எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்?

இரண்டு நாள் கழித்து அலைபேசியில் அழைத்தார். மனைவியிடம் கேட்டிருக்கிறார். "நீங்களாகக் கேட்பீர்கள் என்று இரண்டு வாரமாகக் காத்திருக்கிறேன்" என்றாராம் அவர். ஏற்பாட்டாளர்களுக்கு விலகல் கடிதம் எழுதிவிட்டதாகச் சொன்னார். குரலில் வருத்தம் இருந்தது; அதை நாம் ஆற்ற முயலவில்லை. நான்கு மாத உழைப்புக்கு வருந்தத்தான் வேண்டும். அடுத்த ஜும்ஆவுக்குப் பின் இளைஞர்களை அழைத்து, ஆண்டு விழாவில் நாம் அவசரப்பட்டு அறிவித்தது நம் பிழை என்று ஒப்புக்கொண்டு, பதாகையை இறக்கச் சொன்னோம். ஒரு பையன் முகம் சுளித்தான். மற்றவர்கள் ஏணி எடுத்து வந்தார்கள்.

இப்போது வாரம் இரு நாள் ஏழு வயது மகனையும் அழைத்துக்கொண்டு நீச்சல்குளம் செல்கிறார். அம்மா கைத்தடி பிடித்து வாசல்வரை நடக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். குறும்போட்டி ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறார். கடலில் ஆயிரம் மீட்டரை நிற்காமல் மூன்று முறை நீந்திய பிறகே அதற்குப் பணம் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். பதாகையை உப்பளத்துக்காரர் ஒருவர் கேட்டு வாங்கிச் சென்றார். தார்ப்பாய் போதாத ஒரு குவியலை அது மழையிலிருந்து மூடியிருக்கிறது.